ஓட ஓட இறுகும் முன்சக்கர பிரேக்

கேள்வி: 2004-இல் என் அப்பா வாங்கிய 150 சிசி பைக்கை இப்போது நான் ஓட்டுகிறேன். காங்கேயத்திலிருந்து திருப்பூருக்கு நாள்தோறும் வேலைக்குப் போய் வருகிறேன். காலையில் கிளம்பும்போது முன் சக்கரம் இலகுவாகச் சுற்றுகிறது. படியூரைத் தாண்டும்போது யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் வண்டி தானாகவே வேகம் குறைகிறது. இறங்கிப் பார்த்தால் டிஸ்க் அருகே கை வைக்க முடியாத சூடு, கருகிய வாடை. அரை மணி நேரம் நிறுத்தி வைத்தால் சரியாகிவிடுகிறது. ஆறு மாதத்தில் இரண்டு முறை பேட் மாற்றிவிட்டேன். முதல் முறை மாற்றுவதற்குச் சில நாள் முன்பு பிரேக் ஆயில் குறைந்திருந்ததால் டப்பாவின் விளிம்பு வரை நானே ஊற்றினேன். அதற்கும் முன்னால் ஒரு முறை வண்டி சாய்ந்து லீவர் உடைந்துபோனது. வெளிக்கடையில் ஒன்று வாங்கி மாட்டினேன். மேலிருந்து கீழ் வரை செட்டாக மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் முன் பிரேக்கைக் கழற்றிவிட்டுப் பின் பிரேக்கிலேயே ஓட்டிக்கொள்ளுங்கள் என்கிறார் மெக்கானிக் அண்ணன். அடுத்த மாதம் மனைவியை அழைத்துக்கொண்டு திம்பம் வழியாகத் தாளவாடி போக வேண்டும். என்ன செய்யலாம்?

— வாசகர், காங்கேயம்

பதில்:

அன்புள்ள காங்கேயம் வாசகருக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முன் பிரேக்கைக் கழற்றிவிட்டு ஓட்டும் யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். வண்டியை நிறுத்தும்போது அதன் பாரமும் உட்கார்ந்திருப்பவர்களின் பாரமும் முன்னோக்கிச் சாய்கின்றன. முன் டயர் தரையை அழுத்திப் பிடிக்கிறது, பின் டயர் இலேசாகிறது. அந்த நேரத்தில் பின் பிரேக்கை மட்டும் நம்பி மிதித்தால் பின் சக்கரம் சுற்றுவதை நிறுத்திக்கொண்டு தரையில் வழுக்கிக்கொண்டே போகுமே தவிர, வண்டி நிற்காது. நிறுத்தும் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது முன் பிரேக்தான். பண்ணாரியிலிருந்து திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. தாளவாடிக்குப் போகும்போது அவற்றில் ஏறுவீர்கள். திரும்பி வரும்போது இருவரின் பாரத்தோடும் மூட்டை முடிச்சோடும் அத்தனை வளைவுகளையும் இறங்க வேண்டும். அந்த இறக்கத்தைப் பின் பிரேக்கை மட்டும் வைத்துக்கொண்டு கடக்க நினைப்பது ஆபத்து.

இப்போதுள்ள நிலையிலேயே ஓட்டுவதும் அதே அளவு ஆபத்துதான். பிடித்தபடியே ஓடும் பிரேக் வண்டியை மெதுவாக்குவதோடு நின்றுவிடாது, தன்னுடைய ஆயிலையும் காய்ச்சுகிறது. டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரக்கட்டளை. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பழையதான பிறகு அதே அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். கொதித்து ஆவிக்குமிழி உண்டானால் லீவரை எவ்வளவு அழுத்தினாலும் குமிழிதான் நசுங்கும். பேட்டை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பிஸ்டனுக்கு அழுத்தம் போய்ச் சேராது. விடாமல் பிடித்துக்கொண்டிருந்த பிரேக்கே, தேவைப்படும் நொடியில் கொஞ்சமும் பிடிக்காமல் போவது இப்படித்தான். ஆகவே பழுது சரியாகும் வரை அந்த வண்டியில் திருப்பூருக்குப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இனி பழுதுக்கு வருவோம். இரண்டு முறை பேட் மாற்றியும் பயனில்லாமல் போனதற்குக் காரணம், பேட் இங்கே குற்றவாளி அல்ல என்பதே. அது தேய்வதும் கருகுவதும் வேறெங்கோ இருக்கும் குறையின் விளைவு. அந்தக் குறை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க, லீவரை விட்டதும் பிரேக் எப்படி விடுபடுகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். பிடிப்பது எப்படி என்று பலரும் விளக்குவார்கள். விடுபடுவது எப்படி என்று கேட்டால், தொழிலில் உள்ளவர்களே சில சமயம் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

டிரம் பிரேக்கில் ஷூவைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் உண்டு. டிஸ்க் பிரேக்கில், டிஸ்க்கைக் கவ்வும் பாகமான காலிப்பரில் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்க எந்த ஸ்பிரிங்கும் இல்லை. பிஸ்டனைச் சுற்றி, காலிப்பரில் வெட்டிய காடிக்குள், வெட்டுமுகம் சதுரமாக உள்ள ஒரு ரப்பர் சீல் உட்கார்ந்திருக்கிறது. லீவரை அழுத்தும்போது பிஸ்டன் முன்னே வருகிறது. அதைக் கவ்விப் பிடித்திருக்கும் சீலின் உள்விளிம்பும் அதோடு சேர்ந்து சற்றே முன்னே முறுக்கிக்கொள்கிறது. அழுத்தம் விட்டதும் சீல் தன் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. திரும்பும்போது பிஸ்டனையும் மயிரிழை அளவு பின்னே இழுத்துக்கொள்கிறது. அந்த மயிரிழை இடைவெளியில்தான் சக்கரம் தடையின்றிச் சுற்றுகிறது. ஆகவே சீல் இறுகினாலோ, பிஸ்டன் அழுக்கேறினாலோ, சீலுக்குப் பின்னால் காடியில் உப்புப் படிந்து சீலை வெளியே தள்ளினாலோ அந்தப் பின்னிழுப்பு நடக்காது.

ஆனால் சீல் திரும்ப வேண்டுமென்றால், முதலில் அழுத்தம் போயாக வேண்டும். அது போகும் வழி மேலே, கைப்பிடியில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டரில் இருக்கிறது. ஆயில் டப்பாவின் அடித்தளத்தில் இரண்டு துளைகள் உண்டு: ஒன்று சற்றுப் பெரியது, மற்றொன்று குண்டூசி முனை அளவே உள்ளது. லீவரை முழுதாக விட்ட நிலையில், மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டனின் ரப்பர் கப் அந்தச் சிறு துளைக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். அப்போதுதான் காலிப்பர் வரை உள்ள ஆயில் முழுவதும் டப்பாவோடு தொடர்பு கொண்டிருக்கும்; எஞ்சிய அழுத்தம் அந்தத் துளை வழியாக வெளியேறும். பிரேக் பிடித்துப் பிடித்து ஆயில் சூடேறி விரியும்போது விரிந்த பகுதி டப்பாவுக்குத் திரும்பும் வழியும் அதுவேதான்.

அந்தத் துளை அடைபட்டால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். காலையில் எல்லாம் குளிர்ந்திருக்கும், சக்கரம் சுற்றும். ஊருக்குள் நாலைந்து முறை பிரேக் பிடிப்பீர்கள். ஆயில் சற்றே சூடேறி விரியும். விரிந்தது போக வழியில்லை. அதனால் பிஸ்டனைத் தள்ளும், பேட் டிஸ்க்கை உரசும், உரசினால் மேலும் சூடு, மேலும் விரிவு, மேலும் இறுக்கம். சில கிலோமீட்டருக்குள் வண்டியே இழுக்க முடியாத நிலை வந்துவிடும். அரை மணி நேரம் நிறுத்தினால் ஆயில் குளிர்ந்து சுருங்கும். மீண்டும் சக்கரம் சுற்றும். நீங்கள் எழுதியிருப்பது ஏறக்குறைய வரிக்கு வரி இதுதான்.

உங்கள் கடிதத்தில் இன்னும் இரண்டு செய்திகள் என் கண்ணில் பட்டன. ஒன்று, பேட் தேய்ந்திருந்த நேரத்தில் விளிம்பு வரை ஆயில் ஊற்றியது. பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும். அந்த இடத்தை நிரப்ப ஆயில் கீழே இறங்கும். டப்பாவில் மட்டம் குறையும். அது கசிவு அல்ல, இயல்பு. அந்த நேரத்தில் விளிம்பு வரை ஊற்றிவிட்டுப் பிறகு தடிமனான புதுப் பேட் போட்டால், பின்னே தள்ளப்பட்ட பிஸ்டன் அத்தனை ஆயிலையும் மேலே அனுப்புகிறது. மூடிக்குக் கீழே உள்ள ரப்பர் தட்டுக்கு விரிந்துகொடுக்க இடமே இருப்பதில்லை. இரண்டாவது, வெளிக்கடையில் வாங்கிய லீவர். லீவரின் உள்முனை மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனைத் தொடும் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் அதிகமாக நீண்டிருந்தாலும், நீங்கள் கையை எடுத்த பிறகும் அது பிஸ்டனைச் சிறிது அழுத்தியபடியே இருக்கும். ரப்பர் கப் அந்தச் சிறு துளையை விட்டு விலகாது. துளையில் அழுக்கே இல்லாவிட்டாலும் அடைத்ததற்குச் சமம்.

இவை மூன்றும் மேல்பக்கத்தைக் காட்டுகின்றன என்றாலும், கடிதத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட நான் விரும்பவில்லை. அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறதா, இல்லை அழுத்தம் போன பிறகும் இரும்புப் பாகங்கள் இறுகி நிற்கின்றனவா என்பதைப் பத்து நிமிடத்தில் தெரிந்துகொள்ள ஒரு சோதனை இருக்கிறது. அதைச் செய்யாமல் ஒரு ரூபாய்க்கும் பாகம் வாங்க வேண்டாம்.

வீட்டுக்கு அருகே, போக்குவரத்தில்லாத தெருவில் வண்டியை மெதுவாக ஓட்டி, இடையிடையே பிரேக் பிடித்து, சக்கரம் இறுகும் நிலையை வரவழையுங்கள். பிறகு சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்பக்கம் ஒருவரை உட்காரவைத்து முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக்கொள்ளுங்கள். சக்கரம் கையால் சுற்ற முடியாதபடி இறுகியிருக்கிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகு, காலிப்பரில் உள்ள ஏர் எடுக்கும் நிப்பிளை (ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றும் சிறு திருகு) ரிங் ஸ்பேனரால், பெரும்பாலும் 8-ஆம் எண்ணாக இருக்கும், கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள். நிப்பிளின் வாயில் முன்கூட்டியே ஒரு குழாயை மாட்டி அதன் மறுமுனையைப் பாட்டிலில் விட்டிருக்க வேண்டும். ஆயில் சூடாக இருக்கும், கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். டிஸ்க்கில் கை படக் கூடாது. நிப்பிளைத் தளர்த்தியதும் ஆயில் பீய்ச்சிக்கொண்டு வந்து, அதே நொடியில் சக்கரம் விடுபட்டால், பழுது சிக்கிய அழுத்தம்தான். குறை மாஸ்டர் சிலிண்டரிலோ, அங்கிருந்து காலிப்பருக்கு ஆயில் வரும் ரப்பர் குழாயான ஹோஸிலோ இருக்கிறது. ஆயில் சொட்டாக மட்டும் வந்து, சக்கரம் முன்போலவே இறுகி நின்றால், காலிப்பரின் பிஸ்டனோ, காலிப்பர் பக்கவாட்டில் நகர உதவும் வழுக்குப் பின்னோ சிக்கியிருக்கிறது. நிப்பிளை உடனே மூடிவிடுங்கள்.

முதல் வகை என்று தெரிந்தால் இன்னொரு முறை இறுகவைத்து, இம்முறை நிப்பிளைத் தொடாமல், மேலே மாஸ்டர் சிலிண்டரோடு ஹோஸ் சேரும் பேஞ்சோ போல்ட்டைத் துணி சுற்றி இலேசாகத் தளர்த்துங்கள். சக்கரம் விடுபட்டால் குறை மாஸ்டர் சிலிண்டரில். மேலே தளர்த்தியும் விடுபடாமல், கீழே நிப்பிளைத் திறந்த பிறகே விடுபட்டால் குறை நடுவிலுள்ள ஹோஸில். பழைய ரப்பர் ஹோஸ் வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும். உட்சுவர் உப்பி வழியைக் குறுக்கியிருக்கும். கையின் பலம் ஆயிலை அதன் வழியே தள்ளிவிடும், ஆனால் சீலின் சிறு பலத்தால் அதைத் திருப்பி அனுப்ப முடியாது. 2004-இல் வண்டியோடு வந்த ஹோஸ் இன்னும் அதிலேயே இருக்கிறது என்றால், சோதனை எப்படி அமைந்தாலும் அதை மாற்றிவிடுங்கள். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் கையேடுகளே பல உள்ளன.

இந்தச் சோதனையை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஈரோட்டில் பட்டறை தொடங்கிய புதிதில், மஞ்சள் மண்டியில் கணக்கெழுதும் ஒருவர் இதே குறையோடு வண்டியைக் கொண்டுவந்தார். காலிப்பரைக் கழற்றினேன், அழுக்காக இருந்தது, ரப்பர் சீல்கள் அடங்கிய கிட் மாற்றிக் கொடுத்தேன். நான்காம் நாள் திரும்பி வந்தார். பிஸ்டனை மாற்றினேன். மறுபடியும் வந்தார். மூன்றாம் முறை பெருந்துறைச் சாலையில் முன் சக்கரம் இறுகி, அவர் விழாமல் தப்பியது அதிர்ஷ்டம். அதன் பிறகுதான் மேலே திறந்து பார்த்தேன். சிறு துளை பழுப்பு நிறத்தில் கூழ் உறைந்து அடைபட்டிருந்தது. அதை நீக்க ஆன நேரம் ஐந்து நிமிடம். அவர் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனால் அந்தச் சாலையில் என்ன நடந்திருக்கும் என்ற எண்ணம் இன்றும் போகவில்லை. அன்று முதல் நிப்பிளைத் திறந்து பார்க்காமல் எந்தக் காலிப்பரையும் நான் கழற்றுவதில்லை.

மாஸ்டர் சிலிண்டர்தான் என்று ஆனால், முதல் வேலை லீவர். லீவரை ஆட்டிப் பாருங்கள். அது பிஸ்டனைத் தொடுவதற்கு முன் நுனியில் சில மில்லிமீட்டராவது வெறுமனே ஆட வேண்டும். சிறிதும் ஆடாவிட்டால் அந்த லீவரைக் கழற்றிவிட்டுச் சக்கரம் விடுபடுகிறதா என்று பாருங்கள். விடுபட்டால் உங்கள் பழுது லீவரின் விலையோடு முடிந்தது. உங்கள் வண்டிக்கென்றே தயாரிக்கப்பட்டதை வாங்கி மாட்டுங்கள். இருக்கும் லீவரின் முனையை அரத்தால் ராவிச் சரிசெய்ய வேண்டாம்; எவ்வளவு ராவுவது என்பதற்குக் கணக்கில்லை, அதிகமானால் லீவர் கைப்பிடி வரை வந்துவிடும். லீவரின் போல்ட்டில் தூசி அடைந்து காய்ந்து போயிருந்தாலும் அது முழுதாகத் திரும்பாது. துடைத்துத் துளி கிரீஸ் வைத்தால் போதும்.

அடுத்து டப்பாவைத் திறந்து, மேல் கோட்டுக்குக் கீழே வரும்வரை ஆயிலை ஒரு சிரிஞ்சால் உறிஞ்சி எடுங்கள். பிறகு முகத்தை விலக்கி வைத்துக்கொண்டு லீவரை மிக மெதுவாக, நுனி விரலால், சில மில்லிமீட்டர் மட்டும் அழுத்துங்கள். சிறு துளை திறந்திருந்தால், கப் அதைக் கடக்கும் கணத்தில் ஆயிலின் மேற்பரப்பில் ஒரு சிறு சுழிப்போ துள்ளலோ தெரியும். எந்தச் சலனமும் இல்லையென்றால் துளை அடைபட்டிருக்கிறது, அல்லது பிஸ்டன் முழுதாகத் திரும்பவில்லை. ஆயிலை முழுவதும் எடுத்துவிட்டு, வீட்டு மின்கம்பியின் செம்பு இழை ஒன்றை அந்தத் துளையில் மென்மையாக விட்டு எடுக்கலாம். எஃகுக் கம்பியும் ஊசியும் கூடாது. அவை உட்சுவரைக் கீறிவிடும், அந்தக் கீறலில் கப் கிழியும். சில வண்டிகளில் துளைகளுக்கு மேல் சிறு தகட்டு மூடி இருக்கும், அதை எடுத்தால்தான் துளை தெரியும். இவ்வாறு துளையைத் திறப்பதால் வண்டி அன்றைக்குச் சரியாகிவிடும் என்றாலும், கூழாக உறைந்த ஆயில் உள்ளே இருக்கிறது என்பதற்கு அந்த அடைப்பே சாட்சி. ஆகவே மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்துக் கழுவி, புது கிட் போடுவதே முறை. உட்சுவரில் குழி விழுந்திருந்தால் கிட் பயன்படாது. மாஸ்டர் சிலிண்டரையே மாற்ற வேண்டும்.

சோதனை மாஸ்டர் சிலிண்டரைக் காட்டினாலும், மேலே சொன்னவற்றைச் செய்துவிட்டுக் கீழேயும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்வேன். இத்தனை ஆண்டு ஆன வண்டியில் அது வீண் வேலை அல்ல. ஒரு பக்கம் மட்டும் பிஸ்டன் உள்ள காலிப்பர் இரண்டு பின்களின் மேல் பக்கவாட்டில் நகர்ந்தால்தான் மறுபக்கத்துப் பேட் டிஸ்க்கை விட்டு விலகும். நம் பகுதியில் இந்தப் பின்கள் இறுகுவதற்கு நான் காணும் முதல் காரணம் வாட்டர் சர்வீஸ். போர்வெல் தண்ணீர் உப்புத் தண்ணீர். அதை அழுத்தத்தோடு காலிப்பரின் மேல் அடிக்கும்போது பின்னை மூடியிருக்கும் ரப்பர் உறைக்குள் புகுந்து, காய்ந்து, வெள்ளை உப்பாகத் தங்கிவிடுகிறது. இரண்டு பேட்களில் ஒன்று மட்டும் அதிகம் தேய்ந்திருந்தாலோ ஒரு பேட் சாய்வாகத் தேய்ந்திருந்தாலோ பின்களைச் சந்தேகியுங்கள். மாற்றிய பழைய பேட்களை எறியாமல் வைத்திருந்தால் இப்போதே எடுத்துப் பாருங்கள்.

பின்களை உருவித் துடைத்து, பழைய கிரீஸை முழுவதும் நீக்கி, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸைப் பூச வேண்டும். சக்கர பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் கூடவே கூடாது. அதிலுள்ள கனிம எண்ணெயில் ரப்பர் ஊறி உப்பி, சில வாரங்களில் பின்னை முன்பைவிட இறுக்கிப் பிடிக்கும். பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல், எஞ்சின் ஆயில் ஆகியவற்றுக்கும் இதே விதி. பிரேக் ஆயில் என்று பெயர் இருந்தாலும் டாட் 3, டாட் 4 வகைகள் எண்ணெயே அல்ல, கிளைக்கால் சேர்மங்களால் ஆனவை. உள்ளே இருக்கும் ரப்பர்கள் அவற்றுக்கென்றே செய்யப்பட்டவை. அவசரத்துக்கு டப்பாவில் தேங்காய் எண்ணெய் ஊற்றி வந்த வண்டியைக்கூட நான் பார்த்திருக்கிறேன். மாஸ்டர் சிலிண்டர் கப் முதல் காலிப்பர் சீல் வரை ஒவ்வொரு ரப்பரையும் மாற்ற வேண்டியதாயிற்று.

பிஸ்டனைப் பின்னே தள்ளும் முன் சுத்தம் செய்ய வேண்டும் என்பதைப் பேட் மாற்றும் பலர் மறந்துவிடுகிறார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் பேட் பொடியும் துருவும் படிந்திருக்கும். அதை அப்படியே உள்ளே தள்ளினால் அழுக்கு சீலுக்குள் போய் உட்காரும். உங்கள் வண்டியில் இரண்டு முறையும் அப்படி நடந்திருக்கக் கூடும். பேட்களை எடுத்துவிட்டு, பிஸ்டன் முழுதாக வெளியே வந்துவிடாதபடி மரத்துண்டு ஒன்றைத் தடுப்பாக வைத்து, லீவரால் சிறிது வெளியே கொண்டுவந்து, பிரேக் கிளீனரில் நனைத்த பல் துலக்கும் பிரஷால் சுற்றிலும் தேயுங்கள். பிறகு இரண்டு கட்டைவிரல்களால் அழுத்தினால் பிஸ்டன் சீராக உள்ளே போக வேண்டும். போகவில்லையென்றால் கிளாம்ப் வைத்து நெருக்காதீர்கள். அந்தக் காலிப்பரைப் பிரித்தாக வேண்டும்.

பிரிக்கும் வேலையை உங்கள் மெக்கானிக் அண்ணனிடம் விடுவதே நல்லது. ஆனால் மூன்று செய்திகளை அவரிடம் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். பிஸ்டனை வெளியே எடுக்கக் காற்று கம்பிரசரைப் பயன்படுத்தாமல் லீவரின் அழுத்தத்தையே பயன்படுத்தட்டும். காற்றில் தெறித்து வரும் பிஸ்டன் விரலை நசுக்கிவிடும். சீல் உட்காரும் காடியின் உள்ளே கெட்டியாகப் படிந்திருக்கும் உப்பைத் துப்புரவாக எடுக்கட்டும். இதற்கு இரும்பைவிட ஈர்க்குச்சியும் மூங்கில் குச்சியும் ஏற்றவை, அவை அலுமினியத்தைக் கீறுவதில்லை. காடியைச் சுரண்டாமல் புதுச் சீல் போட்டால், அந்த உப்பு புதுச் சீலையும் பிஸ்டன் மேல் நெருக்கும். வேலை செய்தும் பயனில்லை. பிஸ்டனில் துருப்புள்ளி இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல் புதிதாக வாங்கட்டும், ஏனெனில் தேய்த்தால் மேல்பூச்சு போய், மீண்டும் விரைவில் துருவேறும்.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கோவைப் பக்கம் லேத் பட்டறைகளுக்குக் குறைவில்லை, திறமைக்கும் குறைவில்லை. வரைபடம் இல்லாமல் பழைய துண்டைப் பார்த்தே புதுப் பாகம் கடைந்து தருபவர்கள் அங்கே இருக்கிறார்கள். அந்தத் திறமையின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனாலும் பிரேக் பிஸ்டனையும் காலிப்பர் துளையையும் அங்கே கொண்டுபோகாதீர்கள். சீல் பின்னிழுப்பது மயிரிழைக் கணக்கு. அளவும் மேற்பரப்பின் வழவழப்பும் சற்றே மாறினால் அந்தக் கணக்கு கெட்டுவிடும். டிஸ்க்கையும் அவ்வாறே கடையக் கூடாது. டிஸ்க்கின் உட்பகுதியில் குறைந்தபட்சத் தடிமன் மில்லிமீட்டரில் பொறிக்கப்பட்டிருக்கும். உங்கள் டிஸ்க் அதற்குக் கீழே தேய்ந்திருந்தாலோ, சுற்றும்போது பக்கவாட்டில் நெளிந்தாலோ, மாற்றத்தான் வேண்டும். இத்தனை முறை சூடேறிய டிஸ்க்கில் நீலம் பாய்ந்திருக்க வாய்ப்பு உண்டு. நிறம் மட்டும் மாறியிருந்து நெளிவு இல்லையென்றால் தொடர்ந்து பயன்படுத்தலாம். பேட் வேறு, அதன் முகம் கண்ணாடிபோல் பளபளத்து இறுகியிருந்தால், மாற்றிச் சில வாரமே ஆகியிருந்தாலும், மனமில்லாமலாவது புதிதாகப் போடுங்கள்.

வண்டி ஒருமுறை விழுந்திருக்கிறது என்பதால் முன் அச்சையும் கவனியுங்கள். ஃபோர்க்கின் அடியில் அச்சைக் கவ்வும் சிறு போல்ட் உங்கள் வண்டியில் இருந்தால், அதைத் தளர்த்திய நிலையில் அச்சின் நட்டை இறுக்கி, சக்கரம் தரையில் நிற்கும்போது கைப்பிடியை நாலைந்து முறை அழுத்தி ஃபோர்க்கை இறக்கி ஏற்றி, அதன் பிறகு சிறு போல்ட்டை இறுக்குவதே வரிசை. வரிசை மாறினால் ஃபோர்க்கின் ஒரு கால் சற்று விலகி நின்று காலிப்பரைச் சாய்த்துவிடும். பேட் ஒரு பக்கம் உரசிக்கொண்டே இருக்கும்.

எல்லாம் பூட்டிய பிறகு, பழைய ஆயில் ஒரு சொட்டும் மிஞ்சாமல் புதிதாக நிரப்ப வேண்டும். டப்பாவின் மூடியில் எந்த வகை பொறித்திருக்கிறதோ அதையே, சீல் உடைக்காத புட்டியிலிருந்து ஊற்றுங்கள். திறந்து மாதக்கணக்கில் அலமாரியில் இருந்தது ஈரம் குடித்திருக்கும். டாட் 5 என்பது சிலிக்கான் வகை, உங்கள் வண்டிக்கு ஆகாது. பேஞ்சோ போல்ட்டின் இருபுறமும் புது வாஷர் போடுங்கள். ஏர் எடுக்கும்போது லீவரை அழுத்தி, அழுத்தியபடியே நிப்பிளைத் திறந்து, மூடிய பிறகே லீவரை விட வேண்டும். இடையில் டப்பா காலியாகிவிடக் கூடாது. குமிழி நின்ற பிறகும் லீவர் மெத்தென்று இருந்தால், இரவில் லீவரை அழுத்திய நிலையில் துணியால் கைப்பிடியோடு கட்டி வைத்துக் காலையில் அவிழ்த்துப் பாருங்கள். மேலே தங்கியிருந்த சிறு குமிழிகள் பெரும்பாலும் ஏறிப் போயிருக்கும். ஆயில் பெயிண்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இல்லாவிட்டால் டேங்க்கின் பெயிண்ட் உரிந்துவிடும். மட்டம் மேல் கோட்டைத் தாண்டக் கூடாது என்பதை இனி உங்களிடம் சொல்லத் தேவையிருக்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இதே போல் மாற்ற வேண்டும். மாற்றிய தேதியை டப்பாவின் அருகே ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுற்றாமல் நின்று வழுக்குவதைத் தடுக்கும் அமைப்பு) பொருத்திய புது வண்டி வைத்திருக்கும் வாசகர்கள் இந்தக் குறிப்பைப் பார்த்து ஏர் எடுக்க முயல வேண்டாம். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது இருசக்கர வாகனங்களிலும் அது கட்டாயமாகிவிட்டது. அவற்றில் ஆயில் செல்லும் வழியே வேறு.

செலவைப் பற்றிய உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. செட்டாக மாற்றச் சொன்ன மெக்கானிக் அண்ணன் தவறான எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். ஒவ்வொன்றாகத் தேடித் திரும்பத் திரும்ப வண்டி வருவதைவிட மொத்தமாக முடித்துவிடலாம் என்று நினைத்திருப்பார். அவரோடு சண்டையிட வேண்டாம். இந்தச் சோதனையை அவர் முன்னாலேயே செய்து காட்டுங்கள். சக்கரம் எந்த இடத்தில் விடுபடுகிறது என்று அவரும் கண்ணால் பார்த்துவிட்டால், எதை மாற்றுவது என்பதில் உங்கள் இருவருக்கும் வேறுபாடு இருக்காது.

வேலை முடிந்ததும் நேரே தாளவாடிக்குக் கிளம்பாதீர்கள். முதலில் தெருவிலேயே மெதுவாக ஓட்டி லீவர் கெட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள். புதுப் பேட் என்றால், ஆளில்லாத சாலையில் நாற்பது கிலோமீட்டர் வேகத்திலிருந்து பதினைந்து இருபது முறை மென்மையாகப் பிடித்துப் பேட்டைப் படியவிடுங்கள். பிறகு படியூர் வரை தனியாகப் போய், ஸ்டாண்ட் போட்டு, விரலில் ஒரு சொட்டுத் தண்ணீர் எடுத்து டிஸ்க்கின் மேல் தெளியுங்கள். பிரேக்கை அதிகம் பயன்படுத்தாமல் வந்திருக்கும்போது அந்தச் சொட்டு சுர்ரென்று கொதித்து மறைந்தால் குறை இன்னும் இருக்கிறது. சொட்டு அப்படியே வழிந்தால் சரி. சூடான டிஸ்க்கில் தண்ணீரை வாரி ஊற்றக் கூடாது, நெளிந்துவிடும். சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றினால், இலேசான உரசல் ஒலியோடு இரண்டு மூன்று சுற்றாவது தானே சுற்ற வேண்டும். அந்த ஒலி இயல்பானது, அதற்காக மீண்டும் கழற்றாதீர்கள். இதே சோதனை மூன்று வெவ்வேறு நாள்களில் சரியாக வந்தால் மனைவியோடு புறப்படலாம்.

திம்பத்திலிருந்து இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே வாருங்கள்; எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கு வேலை குறையும். லீவரின் மேல் விரலை வைத்தபடியே இறங்காமல், வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, வேகம் குறைந்ததும் முழுதாக விட்டுவிடுங்கள். வழியில் லீவர் வழக்கத்தைவிட ஆழமாகப் போவதாகவோ சக்கரம் இறுகுவதாகவோ தோன்றினால், அடுத்த அகலமான ஓரத்தில் நிறுத்தி, டிஸ்க் முழுவதும் ஆறும்வரை காத்திருங்கள். அந்த 8-ஆம் எண் ஸ்பேனரையும் ஒரு துண்டுக் குழாயையும் வண்டியின் பெட்டியில் போட்டு வையுங்கள்; குளிர்ந்த பிறகும் சக்கரம் விடுபடாவிட்டால் நிப்பிளைக் கால் சுற்றுத் தளர்த்தி மூடினால், சிக்கியிருக்கும் அழுத்தம் வெளியேறிவிடும். அதன் பிறகு மனைவியைப் பேருந்தில் ஏற்றிவிட்டு, நீங்கள் மட்டும் முதல் கியரில் இறங்கிப் பண்ணாரியில் வண்டியை நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள்.